நிஜ மனிதர்களுக்கு ‘ஹீரோஸ் ஜர்னி’ சட்டகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாழ்க்கை வரலாறு, ஆளுமை அறிமுகம், ஆவணப்பட உரை என்று எதை எழுத உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் ‘ஹீரோஸ் ஜர்னி’ என்று ஆரம்பித்துவிடுகிறார். கூடவே சந்தேகங்களும் வருகின்றன, அதுவும் பெரும்பாலும் அதே சந்தேகங்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, எளியதிலிருந்து சிக்கலானதற்குப் போகும் வரிசையில் இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்களில் ‘நாயகப் பயணம்’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறோம். ‘நாயகர்’ என்றால் ஆண், பெண் இருவரும்தான்.

நாயகப் பயணம்னா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

பழகிய உலகத்தில் இருக்கும் ஒருவர் அதை விட்டு வெளியேறுகிறார். தெரியாத உலகத்தில் சோதனைப்பட்டு மாறுகிறார். அங்கே கிடைத்ததோடு திரும்பி வந்து மற்றவர்களுக்குக் கொடுக்கிறார். புறப்பாடு, சோதனை, திரும்புதல் என்ற இந்த மூன்றும்தான் எலும்புக்கூடு. வனவாசம் போய்த் திரும்பிய கதைகளைக் கேட்டு வளர்ந்த யாருக்கும் இது புதிதாக இருக்காது. உலகத் தொன்மங்கள் பலவற்றிலும் இதே அமைப்பு இருப்பதாகத் தொன்மவியல் அறிஞர் ஜோசப் கேம்ப்பெல் 1949இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார்.

நடைமுறையில் அதிகம் விடுபடுவது மூன்றாவது பகுதி. போட்டியில் வென்றார், பதவிக்கு வந்தார், பணம் சேர்த்தார் என்று முடிந்துவிட்டால் அது வெற்றிக் கதை மட்டுமே. கொண்டுவந்ததை யாருக்குக் கொடுத்தார் என்ற கேள்விக்குப் பதில் இருந்தால்தான் அதைப் பயணம் என்று சொல்ல முடியும்.

சிலர் 17 கட்டம்ங்கிறாங்க, சிலர் 12ங்கிறாங்க. எது சரி?

இரண்டும் சரிதான். கேம்ப்பெல் வகுத்தவை 17: புறப்பாட்டில் 5, சோதனையில் 6, திரும்புதலில் 6. திரைக்கதைத் துறையைச் சேர்ந்த கிறிஸ்டோபர் வோக்லர் அதை 12 ஆக்கினார்: சாதாரண உலகம், அழைப்பு, மறுப்பு, வழிகாட்டி, முதல் வாசல், சோதனைகளும் துணைவர்களும் எதிரிகளும், உள்குகையை நெருங்குதல், பெருஞ்சோதனை, பரிசு, திரும்பும் பாதை, மறுபிறப்பு, அமுதத்தோடு (அதாவது மற்றவர்களுக்குப் பயன்படும்படி கொண்டுவந்ததோடு) திரும்புதல். இணையத்தில் சுற்றும் வட்டப் படங்களில் பாதிக்கு மேல் இந்த 12தான்.

நிஜ மனிதர்களுக்கு 12 கட்ட வடிவம் வசதியானது. 17இல் தெய்வத்தைச் சந்தித்தல், தெய்வநிலை அடைதல் போன்றவை தொன்மத்துக்கு மட்டுமே உரியவை. ஆனால் 17இல் இருந்து ஒன்றை மட்டும் கட்டாயம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: ‘திரும்ப மறுத்தல்’. 12 கட்டப் பட்டியலில் அதற்குத் தனி இடம் இல்லை. நிஜ வாழ்க்கையிலோ அது அடிக்கடி வரும், சில சமயம் பல ஆண்டுகள் நீளும். டார்வினைப் பற்றிப் பேசும்போது காரணம் புரியும்.

ஆழ்படிமம், நாயகப் பயணம் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. ஆழ்படிமம் என்பது கதையில் ஓர் இடம்: வழிகாட்டி, வாசல் காப்பவர், தூதர், நிழல், வேடம் மாறுபவர், கோமாளி. நாயகப் பயணம் என்பது அந்த இடங்களின் வழியே நகரும் பாதை. ஆழ்படிமம் என்ற சொல்லைப் பரவலாக்கியவர் உளவியலாளர் யுங். கேம்ப்பெல் அவரிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டார், அதனால்தான் இந்தக் குழப்பம்.

புராணத்துக்குச் செஞ்ச சட்டையை நிஜ மனுஷனுக்குப் போட்டா பொருந்துமா?

பொருந்தும். கவலைப்பட வேண்டியதே அதுதான், ரொம்பச் சுலபமாகப் பொருந்தும். 1827இல் ழான்-பாப்டிஸ்ட் பெரேஸ் என்ற பிரெஞ்சுக்காரர் நெப்போலியன் என்று ஒருவர் வாழவே இல்லை, அவர் வெறும் சூரியத் தொன்மம் என்று ஒரு சிறு நூல் எழுதினார். பெயர் சூரியக் கடவுள் அப்போலோவை ஒத்திருக்கிறது, மூன்று சகோதரிகள் மூன்று அழகுத் தேவதைகள், நான்கு சகோதரர்கள் நான்கு பருவங்கள், கிழக்கே கடலிலிருந்து வந்து மேற்கே கடலில் மறைந்தார் என்று அடுக்கிக்கொண்டே போனார். நெப்போலியன் இறந்து அப்போது 6 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தொன்ம அச்சுகளை வைத்து வரலாற்றை அளப்பவர்களைக் கிண்டல் செய்யத்தான் அந்த நூல். நாயகப் பயணத்தைக் கையில் எடுக்கும் யாரும் முதலில் நினைவில் வைக்க வேண்டியது இந்தக் கிண்டல்தான்.

அப்படியென்றால் ஏன் பயன்படுத்த வேண்டும்? இந்த அமைப்பின் வேரில் நிஜ வாழ்க்கையும் இருக்கிறது. சடங்குகளில் மனிதர்கள் பழைய நிலையிலிருந்து பிரிந்து, இடைநிலையில் தங்கி, புதிய நிலையில் சமூகத்தோடு மீண்டும் சேர்கிறார்கள் என்று சடங்குகளை ஆராய்ந்த ஆர்னால்ட் வான் கெனெப் 1909இலேயே எழுதினார். கேம்ப்பெல் அந்த மூன்றை விரித்தார். ஆகவே ஒரு வாழ்க்கையிடம் கேள்வி கேட்க இது நல்ல கருவி. பதிலை ஆவணங்களில்தான் தேட வேண்டும்.

யாரைத் தேர்ந்தெடுத்தா சரியா வரும்?

மூன்று விஷயங்களைப் பாருங்கள். தேதி சொல்லக்கூடிய ஒரு வெளியேற்றம் இருக்கிறதா? இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்ட கடிதமோ நாட்குறிப்போ வழக்குப் பதிவோ கிடைக்கிறதா? மற்றவர்கள் இன்றும் பயன்படுத்தும் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் தொடங்கலாம்.

பழகிக்கொள்ள சார்லஸ் டார்வின் அருமையான ஆள். 1831 ஆகஸ்டில் கப்பல் பயணத்துக்கான அழைப்பு அவருடைய ஆசிரியர் ஹென்ஸ்லோ வழியாக வருகிறது. அப்பாவுக்குச் சம்மதமில்லை, டார்வின் மறுத்துக் கடிதம் எழுதுகிறார். தாய்மாமா ஜோசையா வெட்ஜ்வுட் தலையிட்டு அப்பாவின் மனத்தை மாற்றுகிறார். டிசம்பர் 27 அன்று கப்பல் கிளம்பி, 1836 அக்டோபரில் திரும்புகிறது. அழைப்பு, மறுப்பு, வழிகாட்டி, வாசல் எல்லாவற்றுக்கும் தேதியும் கடிதமும் உண்டு. ஆனால் இயற்கைத் தேர்வு பற்றிய புத்தகம் வந்தது 1859இல். கப்பல் திரும்பி 23 ஆண்டுகள் கழித்து. அதுவும் 1858இல் இன்னொரு இயற்கையியலாளரான வாலஸ் அதே கருத்தோடு கடிதம் எழுதிய பிறகுதான் வேகம் பிடித்தது. ‘திரும்ப மறுத்தல்’ என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம். உடல் திரும்பிவிட்டது, கொண்டுவந்தது மேசை இழுப்பறையில் கிடந்தது.

எதிர் உதாரணம் தத்துவஞானி இம்மானுவல் கான்ட். கிட்டத்தட்ட 80 ஆண்டு வாழ்க்கையைக் கோனிக்ஸ்பெர்க் நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலுமே கழித்தார். ‘அகப் பயணம்’ என்று சொல்லிச் சமாளிக்கலாம், ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் உவமை தேட வேண்டியிருக்கும். உவமை தேட ஆரம்பித்துவிட்டால் ஆளுக்கேற்ற சட்டகம் கையில் இல்லை என்று அர்த்தம்.

எங்கேருந்து ஆரம்பிக்கணும்? படிப்படியா சொல்லுங்க.

முதலில் சட்டகத்தை மூடி வையுங்கள். 40 முதல் 60 வரிகளில் ஒரு காலக்கோடு தயாரியுங்கள். ஒவ்வொரு வரியிலும் நான்கு பத்திகள் (நெடுவரிசைகள்): தேதி, நிகழ்வு, எங்கிருந்து தெரிகிறது, நிகழ்வுக்கும் அது எழுதப்பட்டதற்கும் இடையே எத்தனை ஆண்டு. நான்காவது பத்தியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பின்னால் தலைவலி கொடுப்பதும் அதுதான்.

அடுத்து ‘எதைத் தேடிப் போனார், எதைக் கொண்டுவந்தார்’ என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால் நல்ல அறிகுறி. பிறகு திரும்புதலை முதலில் குறித்துவிட்டுப் பின்னோக்கி வாருங்கள். முன்னோக்கிப் போனால் குழந்தைப் பருவத்திலேயே ஐந்தாறு ‘அழைப்பு’ கிடைத்துவிடும். 12 கட்டங்களையும் எழுதி ஒவ்வொன்றுக்கும் நேரே ‘உறுதி’, ‘ஊகம்’, ‘காலி’ என்று ஏதாவது ஒன்றைப் போடுங்கள். ஊகம் நான்கைத் தாண்டினால் நீங்கள் எடுத்த காலப்பகுதி தவறு, அல்லது ஆள் தவறு.

கடைசியாக, காலக்கோட்டில் எந்தக் கட்டத்திலும் உட்காராத வரிகளைத் தனித்தாளில் எழுதுங்கள். பாதிக்கு மேல் அப்படித்தான் மிஞ்சும். இதை ‘மிச்சப் பட்டியல்’ என்போம், கீழே அடிக்கடி இதற்குத் திரும்புவோம்.

பிறந்ததுலேருந்து இறந்தது வரைக்கும் ஒரே பயணமா எழுதலாமா?

வேண்டாம். ஒரு பயணத்துக்கு ஒரு காலப்பகுதி போதும். மேரி கியூரியின் வாழ்க்கையில் குறைந்தது மூன்று உண்டு: 1891இல் பாரிஸுக்குப் போனதிலிருந்து 1903 நோபல் வரை, 1906இல் கணவர் இறந்ததிலிருந்து 1911இல் இரண்டாம் நோபல் வரை, முதல் உலகப் போரில் நடமாடும் எக்ஸ்ரே வண்டிகளோடு அலைந்த ஆண்டுகள். மூன்றையும் ஒரே வட்டத்தில் அடைத்தால் பெருஞ்சோதனை எது என்றே முடிவு செய்ய முடியாது.

‘அழைப்பு’ எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எனக்கு மூணு நாலு தருணம் தோணுது.

எந்தத் தருணத்துக்குப் பிறகு அவருடைய நாட்காட்டி மாறியது என்று பாருங்கள். மனம் மாறியது பற்றி அவர் பின்னாளில் சொல்வது இரண்டாம்பட்சம்.

காந்தியை எடுத்துக்கொள்வோம். 1893 ஜூனில் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட இரவைத்தான் எல்லோரும் அழைப்பாக எழுதுகிறார்கள். படமாகப் பார்க்க அது பிரமாதம்தான். ஆனால் அதற்குப் பிறகு அவர் பிரிட்டோரியா போய், அங்குள்ள இந்தியர்களைக் கூட்டிப் பேசினாலும், வந்த வழக்கு வேலையை முடித்துவிட்டு ஊர் திரும்பத்தான் தயாரானார். 1894இல் வழியனுப்பு விருந்தின்போது, நேட்டால் இந்தியர்களின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதா பற்றிய செய்தி அவர் கண்ணில் பட்டது. இருக்கச் சொன்னார்கள், இருந்தார். அந்த ஆண்டே நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தொடங்கியது, தென்னாப்பிரிக்காவை விட்டு அவர் நிரந்தரமாகக் கிளம்ப 1914 ஆனது. எங்கள் கணக்கில் 1893 விழிப்பு, 1894 அழைப்பு. மற்றவர் மாற்றி வாதிடலாம், ஆனால் இரண்டு தேதிகளையும் மேசையில் வைத்துவிட்டு வாதிட வேண்டும்.

நான் எடுத்த ஆளு அழைப்பை மறுக்கவே இல்லை. நானா ஒரு தயக்கத்தைச் சேர்த்துக்கலாமா?

கூடாது. ‘காலி’ என்று போட்டுவிட்டு நகருங்கள். மறுப்பே இல்லாதது அந்த மனிதரைப் பற்றிய ஒரு செய்தி. சில சமயம் மறுப்பு அவரிடம் இல்லாமல் குடும்பத்திடமோ சட்டத்திடமோ இருக்கும், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வழிகாட்டி ஒரே ஆளா இருக்கணுமா? எனக்கு அஞ்சு பேர் வர்றாங்க.

வரட்டும். கணித மேதை ராமானுஜனுக்கு வழிகாட்டி கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டி என்று ஒரு வரியில் முடிப்பதுதான் வழக்கம். ஆனால் ஹார்டிக்கு அவர் கடிதம் எழுதியது 1913 ஜனவரியில். அதற்கு முன்பே, பதின்ம வயதில் கைக்குக் கிடைத்த, ஆயிரக்கணக்கான தேற்றங்களை அடுக்கிய ஒரு தொகுப்பு நூல் அவருக்கு ஆசானாக இருந்தது. மாதப் பணம் கொடுத்துத் தாங்கிய ராமச்சந்திர ராவ் இருந்தார். துறைமுக அலுவலகத்தில் கூடவே உட்கார்ந்து கணக்குப் போட்ட நாராயண ஐயர் இருந்தார். கடல் கடக்க முதலில் மறுத்தவரை 1914இல் நேரில் பேசிச் சம்மதிக்க வைத்தவர் இன்னொரு கேம்பிரிட்ஜ் கணிதவியலாளரான நெவில். வழிகாட்டி என்பது ஒரு வேலை. ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. புத்தகமும் செய்யலாம். அதேபோல வாசல் காப்பவரும் ஆளாக இருக்க வேண்டாம். இங்கே அது கடல் கடக்கக் கூடாது என்ற விலக்கு.

ஒரு பயிற்சி செய்து பாருங்கள். ஹார்டியை நாயகராக வைத்து இதே காலக்கோட்டை எழுதினால், ராமானுஜனின் கடிதம்தான் அழைப்பு. இரண்டு கதைகளிலும் வராத நிகழ்வுகள் எவை என்று கவனியுங்கள். இருவர் வழியிலும் சிக்காதவை அவை.

வில்லன் யாருன்னு தெரியலை. உயிரோட இருக்கிற ஒருத்தரை வில்லனாக்கலாமா?

தவிர்ப்பதே நல்லது. அவதூறு வழக்கு ஒரு காரணம். அதைவிட, ஒரு ஆளை வில்லனாக்கியதும் அமைப்பு கண்ணிலிருந்து மறைந்துவிடும். மண்டேலாவுக்கு எதிரே நின்றது எது என்று எழுதும்போது, 1950இன் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம், அதே ஆண்டின் குடியிருப்புப் பகுதிச் சட்டம் என்று சட்டங்களைப் பெயரோடு எழுதலாம். அந்த நிறவெறி ஆட்சியின் கடைசித் தலைவரான டி கிளார்க்கை வில்லனாக எழுதியவர்கள், 1993 அமைதி நோபலை இருவரும் பகிர்ந்துகொண்டதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தவிப்பார்கள். ‘வேடம் மாறுபவர்’ என்ற ஆழ்படிமம் அங்கே வில்லனைவிட நன்றாக உட்காரும்.

சுயசரிதையே இருக்கு. அதையே ஆதாரமா வச்சுக்கலாமா?

அதில் ஒரு பொறி இருக்கிறது. இந்த அமைப்பைப் பொது வாழ்வில் இருப்பவர்களும் அறிவார்கள். தங்கள் கதையை அவர்களே இந்த வடிவத்தில் சொல்வார்கள். நீங்கள் கண்டுபிடித்ததாக நினைப்பது அவர் ஏற்கெனவே வெட்டித் தைத்துக் கொடுத்ததாக இருக்கலாம்.

சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கைப் பாருங்கள். 1996இல் புற்றுநோய், 1999இல் டூர் டி பிரான்ஸ் வெற்றி, 2005 வரை தொடர்ந்து 7 பட்டம். மரணத்தின் வாசல், மறுபிறப்பு, அமுதம் எல்லாம் கச்சிதம். 2012இல் ஊக்கமருந்துக் குற்றத்துக்காக ஏழும் பறிக்கப்பட்டன, 2013 ஜனவரியில் அவரே ஒப்புக்கொண்டார். நோய் நிஜம், மீண்டது நிஜம், பரிசு மட்டும் பொய். எலிசபெத் ஹோம்ஸ் 19 வயதில் படிப்பை விட்டுத் தெரனோஸ் என்ற ரத்தப் பரிசோதனை நிறுவனத்தைத் தொடங்கிய கதையும் இதே வார்ப்புதான். 2022இல் முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டார். அமுதம் அமுதம்தானா என்று சோதிக்கும் கட்டம் 12இலும் இல்லை, 17இலும் இல்லை. அதை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

செய்யக்கூடியது இதுதான். ஒரே நிகழ்வை அவர் வெவ்வேறு ஆண்டுகளில் சொன்ன மூன்று வடிவங்களைத் தேடுங்கள். எது வளர்ந்திருக்கிறது, எது காணாமல் போயிருக்கிறது என்று ஒப்பிடுங்கள். காலக்கோட்டின் நான்காவது பத்தி இங்கேதான் உதவும். வளர்ந்துகொண்டே போகும் நிகழ்வுக்கு ‘உறுதி’ போடாதீர்கள்.

பெருஞ்சோதனைன்னா அவர் ரொம்பக் கஷ்டப்பட்ட நேரம்தானே?

கஷ்டத்தின் அளவு முக்கியமில்லை. அதற்குப் பிறகு அவர் வேறு மாதிரி நடந்துகொண்டாரா என்பதுதான் கேள்வி. இந்த வேறுபாடு தெரியாவிட்டால் சட்டகம் உங்களைத் துயரத்தின் பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

நார்வேயின் அமுண்ட்சென் 1911 டிசம்பர் 14 அன்று தென்துருவத்தை அடைந்தார். பிரிட்டனின் ஸ்காட் 34 நாள் கழித்து வந்து, திரும்பும் வழியில் தன் நான்கு தோழர்களோடு இறந்தார். கதையாக எழுதச் சொன்னால் பெரும்பாலோர் ஸ்காட்டைத்தான் எடுப்பார்கள். உணவுக் கிடங்குகளை முன்கூட்டியே அமைத்து, பனிமூட்டத்தில் தவறவிடாமலிருக்க அவற்றின் இருபுறமும் குறுக்கே கொடி நட்டு வைத்த அமுண்ட்சென்னின் கதை ‘சப்பென்று’ இருக்கிறதாம்! திறமைசாலிக்கு நேரும் அநியாயம் இது.

அவருடைய காலக்கோட்டைத் தேதி தேதியாகப் போட்டால் வேறு ஒன்று தெரியும். 1911 செப்டம்பரில் அவசரப்பட்டுக் கிளம்பினார். குளிர் -50 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போனது. குதிகால்கள் பனியில் வெந்துபோய்க் குழு சிதறித் திரும்பியது. அனுபவசாலியான யோஹான்சென் எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். அமுண்ட்சென் அவரைத் துருவக் குழுவிலிருந்து நீக்கி, எட்டுப் பேரை ஐந்தாக்கி, அக்டோபரில் மீண்டும் புறப்பட்டார். பெருஞ்சோதனை துருவத்தில் நடக்கவில்லை, செப்டம்பரில் முகாம் வாசலில் நடந்தது. அதில் அவர் அவ்வளவு அழகாகவும் தெரியவில்லை.

தோத்துப்போனவங்களுக்கு அமுதம் எது?

துருவப் பயணி ஷேக்கில்டன் அண்டார்க்டிகாவைக் குறுக்கே கடக்கப் போனார். கப்பல் 1915 நவம்பரில் பனியில் நசுங்கி மூழ்கியது. ஒரு சிறு படகில் ஐந்து பேரோடு தென் ஜார்ஜியா தீவை அடைந்து, நான்காவது முயற்சியில், 1916 ஆகஸ்ட் 30 அன்று எலிஃபண்ட் தீவில் காத்திருந்த 22 பேரையும் மீட்டார். தேடிப் போனது கண்டத்தின் மறுகரை, கொண்டுவந்தது 28 உயிர். முன்பு சொன்ன ஒற்றை வாக்கியத்துக்கு இது மிகச் சரியான உதாரணம்.

ஆனால் மிச்சப் பட்டியலையும் பாருங்கள். கண்டத்தின் மறுபுறத்தில் அவருக்காகக் கிடங்குகள் அமைக்கப் போன ராஸ் கடல் குழுவில் மூன்று பேர் இறந்தார்கள். வராத ஒருவருக்காகச் சுமந்து வைத்த உணவு. ‘ஒருவரைக்கூட இழக்கவில்லை’ என்ற வரி அந்தப் பயணத்தைப் பற்றி அடிக்கடி கண்ணில் படும். அது கப்பலில் அவரோடு போனவர்களுக்கு மட்டும்தான் உண்மை.

அமுதம் தாமதமாகவும் வரலாம். 1920இல் இறந்த ராமானுஜனின் கடைசி ஆண்டுத் தாள்களை 1976இல்தான் கணிதவியலாளர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கேம்பிரிட்ஜ் நூலகம் ஒன்றில் கண்டெடுத்தார். நாயகர் இல்லாமலே பயணம் திரும்பி முடிந்தது.

பெண்களுக்கு இது பொருந்துமா? கட்டங்களோட பேரைப் பார்த்தாலே ஆம்பளைக் கதை மாதிரி இருக்கே.

சரியாகத்தான் கவனித்திருக்கிறீர்கள். 17இல் ‘மயக்குபவள்’, ‘தந்தையோடு சமாதானம்’ ஆகியவை ஆணின் இடத்திலிருந்து எழுதப்பட்டவை. இதற்கு மாற்றாக மோரீன் மர்டாக் 1990இல் நாயகியின் பயணம் என்று தனி வரைபடமே போட்டார்.

பெயரை அப்படியே எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மீண்டும் கியூரி. 1911 ஜனவரியில் பிரெஞ்சு அறிவியல் கழகத் தேர்தலில் மிகச் சொற்ப வாக்கில் தோற்றார். நவம்பரில் இயற்பியலாளர் லாங்ஜெவினோடு அவருக்கிருந்த உறவைப் பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. பரிசு பெற ஸ்டாக்ஹோம் வர வேண்டாம் என்று நோபல் வட்டத்திலிருந்தே கடிதம் வந்தது. ஆய்வுக்கும் சொந்த வாழ்க்கைக்கும் சம்பந்தமில்லை என்று பதில் எழுதிவிட்டு அவர் போய் வாங்கினார். இதை ‘மயக்கம்’ என்ற கட்டத்தில் எழுதினால் பத்திரிகைகள் செய்ததையே நீங்களும் செய்கிறீர்கள். வாசல் காப்பவர்கள் என்று எழுதினால் உண்மைக்கு அருகில் வருகிறது. ‘அவள் எங்கே தடுமாறினாள்’ என்ற கேள்வியை ‘அவளை யார் தடுத்தார்கள்’ என்று மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரு போராட்டத்துல ஆயிரம் பேர் இருக்காங்க. ஒருத்தரை மட்டும் ஹீரோ ஆக்குறது தப்பில்லையா?

சட்டகத்தின் பெரிய பலவீனம் இதுதான். 1955 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரப் பேருந்தில், வெள்ளையருக்காக எழ மறுத்த ரோசா பார்க்ஸை, வேலை முடித்துக் களைத்துப்போன ஒரு தையல்காரராகக் காட்டுவார்கள். சாதாரண உலகம், திடீர் அழைப்பு என்று சட்டகத்துக்கு அது வசதி. உண்மையில் அவர் 1943 முதல் கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கக் கிளையின் செயலாளர். 1955 கோடையில் சமூகப் போராளிகளுக்கான பயிற்சிக்குப் போய் வந்தவர். அந்த ஆண்டு மார்ச் மாதமே 15 வயது கிளாடெட் கோல்வின் இதே காரணத்துக்காகக் கைதாகியிருந்தார். 381 நாள் பேருந்தைப் புறக்கணித்து நடந்தவர்களோ ஆயிரமாயிரம் பேர்.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இயக்கத்தையே நாயகராக வைப்பது: அழைப்பு, பிளவு, சோதனை, திரும்புதல் எல்லாம் ஊருக்கு நிகழ்கின்றன. இரண்டு, தனிநபரை வைத்துக்கொண்டு, ‘துணைவர்கள்’ கட்டத்துக்குக் கட்டுரையில் மூன்றில் ஒரு பங்கு இடம் கொடுப்பது. முதலாவதை எழுதுவது கடினம், ஆனால் பொய் குறைவு.

இப்போ உயிரோட இருக்கறவங்களைப் பத்தி எழுதலாமா?

எழுதலாம். கடைசிக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். மியான்மரின் ஆங் சான் சூச்சி 1988இல் தாயைக் கவனிக்க நாடு திரும்பினார். அதன்பின் மொத்தம் ஏறத்தாழ 15 ஆண்டுகள் வீட்டுக்காவல், 1991இல் நோபல், 2010இல் விடுதலை. அந்த ஆண்டு ‘அமுதத்தோடு திரும்பினார்’ என்று முடித்தவர்கள் ஏராளம். 2019 டிசம்பரில் அவர் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் நின்று, ரோஹிங்கியா மக்கள் மீது தன் நாட்டு ராணுவம் இனப்படுகொலை செய்ததாக வந்த குற்றச்சாட்டை மறுத்து வாதிட்டார். 2021இல் அதே ராணுவம் ஆட்சியைப் பிடித்து அவரைச் சிறைவைத்தது. எந்தத் தேதி வரைக்குமான கதை என்பதைக் கட்டுரைக்குள்ளேயே சொல்லிவிடுவது நல்லது.

சர்வாதிகாரிக்கும் இது பொருந்துதே! அப்போ இதுக்கு என்ன மதிப்பு?

பொருந்தும். ஹிட்லர் 1907, 1908 இரு ஆண்டுகளிலும் வியன்னா ஓவியக் கல்லூரியால் நிராகரிக்கப்பட்டார், போருக்குப் போனார், 1924இல் சிறையிலிருந்தார், அங்கிருந்தே தன் கதையை இந்த மாதிரித்தான் எழுதத் தொடங்கினார். சட்டகத்துக்கு அறம் கிடையாது. நல்லவரா கெட்டவரா என்று அதனிடம் கேட்பது அளவுகோலிடம் துணியின் தரத்தைக் கேட்பது போல.

அறம் நுழையும் இடம் அமுதம்தான். யாருக்குக் கிடைத்தது, யார் விலை கொடுத்தார்கள் என்ற இரண்டையும் பெயரோடும் எண்ணிக்கையோடும் எழுதுங்கள். ஷேக்கில்டன் கதையில் அந்த மூவரைச் சேர்த்தது இதற்காகத்தான்.

எல்லாக் கட்டமும் அச்சு அசலா பொருந்திடுச்சு. அப்போ சரியாத்தானே எழுதியிருக்கேன்?

சந்தேகப்படுங்கள். பெரேஸின் நெப்போலியனும் அச்சு அசலாகப் பொருந்தினார். 12க்கு 12 ‘உறுதி’ வந்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடந்திருக்கும்: ஒரே சுயசரிதையை நம்பியிருப்பீர்கள், ஊகத்தை உறுதியாக்கியிருப்பீர்கள், அல்லது மிச்சப் பட்டியலை எழுதாமல் விட்டிருப்பீர்கள். மிச்சத்திலிருந்து சங்கடமான மூன்று வரிகளை எடுத்துக் கட்டுரைக்குள் வையுங்கள். அவற்றைத் தாங்கினால் கட்டுரை நிற்கும். தாங்காவிட்டால் திருத்த வேண்டியது எது என்று தெரிந்துவிடும்.

கட்டுரையில ‘அழைப்பு’, ‘வாசல்’, ‘அமுதம்’னு பேரு போட்டு எழுதலாமா? ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு இடம் கொடுக்கணும்?

சட்டகத்தைப் பற்றிய கட்டுரை என்றால் போடலாம், ஆளைப் பற்றியது என்றால் வேண்டாம். கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள் இல்லையா, அதுபோல. 1,500 சொல் கட்டுரைக்கு நாங்கள் வைக்கும் கணக்கு: புறப்படும் வரை 250, சோதனைகளும் துணைவர்களும் 500, பெருஞ்சோதனை 300, திரும்புதலும் அதன் பின்விளைவும் 450. முதல் பகுதி வீங்கித் திரும்புதல் 100 சொல்லில் சுருங்குவதுதான் பொதுவாக நடக்கும் தவறு.

வரியளவில் ஒரே மாற்றம் போதும். ‘டார்வின் தன் முதல் வாசலைக் கடந்தார்’ என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு, ‘1831 டிசம்பர் 27 அன்று கப்பல் பிளிமத்திலிருந்து கிளம்பியது’ என்று எழுதுங்கள்.